கவலை உண்டா என்று கேட்டார் டாக்டர்

எங்கள் லேப் ஜன்னல் கட்டையில் அன்றைக்குக் காலை பதினோரு தீப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. பன்னிரண்டாவதை வைத்துவிட்டு ரெஜினா நகராமல் அங்கேயே நின்றாள்.

"அடுத்தவங்களுக்கு வழி விடும்மா" என்றேன்.

"லேபம்மா, இதுலயும் கீதுன்னு நீ எழுதினன்னு வெச்சிக்கோ, என்ன கேன்டீன்லேர்ந்து அனுப்சிடுவாங்க. ஆபீசர் சொல்லிட்டாரு. இதான் கடைசி."

அவள் கெஞ்சவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் சொன்னாள். காசிமேட்டிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் வேர்வை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். 

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் அவள் சமையல்காரி. மூன்று வருஷமாகத் தற்காலிகம். இப்போது நிரந்தரம் செய்கிறார்கள். ஆனால் சமையல்கட்டில் கை வைக்கிறவர்களுக்கு வயிற்றில் ஒட்டுண்ணி எதுவும் இல்லை என்று எங்கள் மருந்தகத்திலிருந்து சான்று வேண்டும். கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த புருஷன் முதுகில் அடிபட்டு வீட்டோடு கிடந்தான். மூன்று பிள்ளைகள், ஒரு மாமியார். இந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அவள் வயிற்றில் ஒட்டுண்ணி இருக்கிறது என்று முதலில் எழுதிக் கொடுத்தவள் நான்.

வெட்கமா, எனக்கா?

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். மலம், மூத்திரம் என்று ஒரு பெண்மணி வாராவாரம் எழுதுகிறாரே, வெட்கமாக இல்லையா என்று கேட்கிறார். இல்லை ஐயா. முப்பது வருஷம் அதைப் பார்த்துத்தான் சோறு தின்றேன். என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நான் நடந்து போனால் எதிரே வருகிற லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, "லேபம்மா, புழு போச்சும்மா" என்று சத்தமாகச் சொல்வான். அந்த மரியாதை எத்தனை பேருக்குக் கிடைக்கும் சொல்லுங்கள்.

மலப் பரிசோதனைக்கு அந்த நாளில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவெல்லாம் கிடையாது. தீப்பெட்டிதான். உள்ளே ஒரு துண்டு வாழையிலை வைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியனுப்புவோம். வரிசையாக இருந்த பெட்டிகளில் ஒன்றை ஒரு நாள் எங்கள் கம்பவுண்டர் பீடி பற்றவைக்க எடுத்துவிட்டார். அதோடு பீடியை விட்டுவிட்டார் என்பது அவர் மனைவி எனக்குச் சொன்னது.

இன்னொரு கூத்து. துறைமுகத்தில் ஆள் எடுத்தபோது ஆறு பேர் ஆறு பெட்டி கொண்டுவந்தார்கள். ஆறிலும் ஒரே கொக்கிப்புழு முட்டை, ஒரே அளவு, கூடவே ஒரே மாதிரி கேழ்வரகு உமி. ஆறு பேரையும் நிற்கவைத்து, "இது யாரோட சொத்துப்பா?" என்று கேட்டேன். ஐந்து பேர் ஆறாவது ஆளைப் பார்த்தார்கள். அவன் வயிறு சுத்தமானது என்று நம்பி எல்லோரும் அவனிடம் வாங்கியிருக்கிறார்கள். புழு இருந்தது அவனுக்கு மட்டும்தான்.

என் மைக்ராஸ்கோப் பழைய பித்தளை. ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. கீழே இருக்கும் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வெயிலைப் பிடிக்க வேண்டும். பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போனால் மேஜை ஆடும், வண்டி போய் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதில்தான் அமீபாவும் பார்த்தேன், நாடாப்புழு முட்டையும் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் தவறவிட்டதைக்கூட அதில் பிடித்திருக்கிறேன். சும்மா சொல்லவில்லை.

நாலு பை

ரெஜினாவின் முதல் பெட்டியில் நான் பார்த்தது அதுவரை பார்க்காத ஒன்று. உருண்டை. கண்ணாடி மாதிரி மெல்லிய தோல். உள்ளே படகு வடிவத்தில் சின்னச் சின்னப் பைகள். ஒன்றல்ல, கண்ணுக்குத் தெரிகிற வட்டத்துக்குள் ஏழெட்டு உருண்டைகள்.

டாக்டரைக் கூப்பிட்டேன். எங்கள் டாக்டர் ராகவன் கும்பகோணத்துக்காரர், சுத்த சைவம், நல்ல மனிதர். புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். "காக்சிடியா" என்றார். மனிதக் குடலில் அபூர்வமாக வரும் ஒட்டுண்ணி. படமும் இருந்தது.

படத்தில் உருண்டைக்குள் இரண்டு பை. நான் பார்த்ததில் நாலு.

எண்ணத் தெரியாதவள் இல்லை நான். அன்றைக்கே நாலு என்று எண்ணிவிட்டேன். ஆனால் சொல்லவில்லை. எம்.பி.பி.எஸ். படித்தவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்கிறார், ராயபுரத்து மீன்காரர் மகள் எதிர்த்துப் பேசுவதா என்று ஒரு தயக்கம். 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரெஜினாவைக் கூப்பிட்டு, இது மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும், மருந்து சாப்பிடும்வரை சமையலில் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

"எனுக்கு வவுத்துவலி கூட இல்லியே" என்றாள்.

"சிலருக்கு அப்படித்தான். டாக்டர் உன்னைக் கேரியர் என்கிறார்."

"நான் கேரியர் தூக்கறவ இல்ல லேபம்மா. அது வேற பொம்பளைங்க. நான் சமைக்கிறவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. நோயைச் சுமந்து பரப்புகிறவள் என்று அர்த்தம் சொன்னபோது அவள் முகம் மாறியது. சிரித்திருக்கக் கூடாது.

கேன்டீனில் அவளைச் சமையலிலிருந்து எடுத்து வாசல் பெருக்க விட்டார்கள். டாக்டர் சல்ஃபா மாத்திரை கொடுத்தார். அடுத்த பெட்டியிலும் அதே உருண்டைகள். பிறகு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மருந்து கொடுத்தார்கள். அங்கே எடுத்த மாதிரியில் ஒன்றுகூட இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துக் கொண்டுவந்தாள், மறுபடியும் உருண்டைகள். இப்படியே நாலு மாதம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் நான் முதலில் சொன்ன அந்தக் கடைசித் தீப்பெட்டி. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் உள்ளே பார்த்தேன். இருந்தது.

கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது

ரிப்போர்ட் தாளில் எண் போடுவதற்காக அவளுடைய கேஸ் ஷீட்டை எடுத்தேன். எப்போதும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவள், அன்றைக்கு எழுதக் கை வராமல் டாக்டரின் குறிப்பைப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி:

'நோயாளிக்குத் தினமும் மனக்கவலை. சிறு வயது முதல் உண்டு. சீசனில் அதிகம். குழந்தைகளுக்கும் உள்ளது. பக்கத்து வீட்டாருடன் பகிர்ந்துகொள்கிறார்.' அதன் கீழே நரம்பு அமைதிக்கு ஒரு மாத்திரை.

இரண்டு தடவை படித்தேன். மனக்கவலைக்கு ஏது சீசன்? வெளியே போய் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மடத்துப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் என் வாயிலிருந்து 'கீது'வைப் பிடுங்கி 'இருக்கிறது'வை நட்டார்கள். வேலை செய்யும் இடத்தில் அச்சுத் தமிழில்தான் பேசுவேன். எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். அன்றைக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று.

"டாக்டரு உன்ன இன்னா கேட்டாரு, நீ இன்னா சொன்ன? அப்டியே சொல்லு" என்றேன்.

ரெஜினா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சொன்னாள். "கவலை உண்டான்னு கேட்டாரு. கவலை இல்லாத நாளே கிடியாது சார்னேன். எத்தினி நாளான்னாரு. பொறந்ததுலேர்ந்தேன்னேன். பசங்களுக்குமான்னாரு. ஆமா, பசங்களுக்கும் அதான், சீசன்ல நெறிய கெடைக்கும், பக்கத்து வூட்டுக்கும் குடுப்பேன்னு சொன்னேன். பாவம், நல்ல மனுசன், தலைய தலைய ஆட்டிகினே எழுதினாரு. இன்னாத்துக்கு மீனப் பத்தி இவ்ளோ கேக்கறாருன்னு தெர்ல."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கவலை என்பது எங்கள் கரையில் ஒரு மீன். விரல் நீளம், வெள்ளி நிறம், ஏழைகளின் மீன். மத்திக்குத் தங்கச்சி. கும்பகோணத்து சைவச் சாப்பாட்டுக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெஜினாவுக்கும் புரிந்து அவளும் சிரித்தாள். நாலு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் ரொட்டியும் பாலும் கஞ்சியும்தான். அங்கே ஏது மீன்?

"நாங்களுந்தான் கவலை துன்றோம்" என்றேன். "நீ எப்டி துன்னுவ?"

"மீனு பசங்களுக்கும் அவருக்கும். சினை மாமியாருக்கு. ஆம்பள மீனு வவுத்துல வெள்ளையா ஒண்ணு கீதே, பூனைக்குப் போடுவாங்களே, அத்த எடுத்து மொளகாத்தூள் போட்டு வதக்கி நான் துன்னுவேன். நல்லா இருக்கும் லேபம்மா. வெண்ண கணக்கா."

எங்கள் வீட்டில் அதைப் பூனைக்குத்தான் போட்டோம்.

நான் சொன்ன பொய்

ரிப்போர்ட் அந்தச் சனிக்கிழமை தொழிற்சாலைக்குப் போக வேண்டும். 'மாதிரி காய்ந்துவிட்டது, பார்க்க முடியவில்லை, இன்னும் பத்து நாள் அவகாசம் வேண்டும்' என்று எழுதி அனுப்பினேன். என் உத்தியோகத்தில் தாளில் எழுதிய பொய் அது ஒன்றுதான். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. ரெஜினாவிடம், அந்தப் பத்து நாளும் மீனே தொடாதே, தினமும் ஒரு பெட்டி கொண்டு வா என்று சொல்லியனுப்பினேன்.

மறுநாள் விடிந்ததும் ராயபுரம் கரைக்குப் போய் ஒரு கூறு கவலை வாங்கினேன். கூடைக்காரம்மா, "இன்னா, ஆபீசம்மா நேர்ல வந்துகீது" என்று கிண்டல் செய்தாள். மீனை மருந்தகத்துக்கே எடுத்துப்போனேன். செவுள், குடல், ஈரல், சினை எல்லாவற்றிலும் துளித்துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஐந்தாவது மீன் ஆண். அதன் வயிற்றின் வெள்ளைச் சதையை வைத்து மைக்ராஸ்கோப்பைத் திருகினேன்.

உருண்டைகள், நெருக்கியடித்துக்கொண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பை.

மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். அதாவது அது ரெஜினாவின் ஒட்டுண்ணி இல்லை. மீனின் ஒட்டுண்ணி. அவள் தின்றதோடு உள்ளே போய், அவளை ஒன்றும் செய்யாமல், அப்படியே வெளியே வந்திருக்கிறது. வதக்கின சூட்டில் செத்திருந்தாலும் உருவம் கலையவில்லை. அவள் வயிறு அதற்கு வெறும் வழி.

ஆனால் மீனில் இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. மீனிலிருந்து அவளுக்குத் தொற்றியிருக்கலாமே என்று கேட்பார்கள். நானாக இருந்தாலும் கேட்பேன். வேறொரு சுத்தமான வயிற்றில் போட்டுப் பார்க்க வேண்டும். யாரைக் கேட்பது? என் வயிறு இருக்கவே இருக்கிறது.

முதலில் மூன்று நாள் என்னுடையதைப் பரிசோதித்தேன். சுத்தம். நாலாவது நாள் புதிதாகக் கவலை வாங்கி, வீட்டில் அந்த வெள்ளைச் சதையை மிளகாய்த்தூள் போட்டு வதக்கினேன். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எதற்கும் அசராத ஆள். விஷயத்தைச் சொன்னதும் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆபீஸ் வேலைய வூட்டுக்குக் கொண்டாராதன்னு ஊர்ல சொல்லுவாங்க. நீ வூட்டு வேலைய ஆபீசுக்குக் கொண்டுகினு போறியே" என்றார்.

ரெஜினா சொன்னது சரி. வெண்ணெய் மாதிரித்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை மருந்தகப் பதிவேட்டில் நோயாளி பெயர் என்ற இடத்தில் என் பெயரையே எழுதினேன். வயது எழுதினேன். பார்த்தேன். உருண்டைகள் இருந்தன. அதற்கடுத்த நாள் இரண்டே இரண்டு. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. மாத்திரை எதுவும் நான் சாப்பிடவில்லை. ரெஜினாவின் பெட்டிகளும் மூன்றாவது நாளிலிருந்து சுத்தமாகவே இருந்தன.

நான் பட்டம் வாங்கினவள் இல்லை. அந்தக் காலை நேரத்தில் அந்தச் சின்ன அறையில் என்னைவிடப் பெரிய விஞ்ஞானி இந்தப் பட்டணத்தில் யாரும் இல்லை என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டாக்டர் மூக்கைப் பிடித்தார்

டாக்டரைக் கூப்பிட்டேன். மேஜைமேல் அன்றைக்கு வாங்கின மீன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். மீனின் தகடு, ரெஜினாவின் பழைய தகடு, என் தகடு. ஒரு கூட்ஸ் வண்டி போனது. வண்டி போன பிறகு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"நாலு" என்றார்.

"ஆமாம் டாக்டர்."

"முதல் நாளே எண்ணினேளா?"

"எண்ணினேன்."

"ஏன் சொல்லலை?"

"பயமாக இருந்தது" என்றேன். அதைச் சொல்லத்தான் எனக்கு மீனைத் தின்றதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கவலை மீன் கதையையும் சொன்னேன். கேஸ் ஷீட்டை வாங்கித் தான் எழுதியதைப் படித்தார். காது சிவந்துவிட்டது. "இனிமே நான் சாப்பாடு பத்திக் கேக்கறச்சே நீங்க பக்கத்துல நில்லுங்கோ" என்றார். தப்பைத் தப்பு என்று ஒப்புக்கொள்கிற மனிதரோடு வேலை பார்ப்பது ஒரு கொடுப்பினை.

அந்த வாரமே தொழிற்சாலையின் ஆபீசர் நேரில் வந்தார். டாக்டர் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினார். "சான்று கொடுங்கள். ஆனால் இனிமேல் அந்த மீனைச் சாப்பிட மாட்டேன் என்று அந்த அம்மாவிடம் எழுதி வாங்கிவிடலாம்" என்றார் ஆபீசர். ரெஜினா எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயாராக நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார்.

"அவசியம் இல்லை. அது மீனோட வியாதி. வேணும்னா மீன்கிட்டே எழுதி வாங்கிக்கோங்கோ."

நிபந்தனை எதுவும் இல்லாமல் சான்று எழுதினோம். சமையல் வேலைக்குத் தகுதி. நான் எழுத, டாக்டர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை சான்றோடு வரட்டும், அன்றையிலிருந்து நிரந்தரம் என்று சொல்லிவிட்டு ஆபீசர் போனார்.

தமிழில் ஒரு ரிப்போர்ட்

ரெஜினா போகவில்லை. சான்றை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ என்கிட்டேர்ந்து யாருக்கும் ஒட்டாதா?"

"ஒட்டாது."

"மின்ன?"

"எப்பவும் ஒட்டினது இல்ல ரெஜினா. நான்தான் தப்பா எழுதினேன்."

அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சின்னது ஒண்ணு கீது. ரெண்டு வயசு. நான் ஊட்டினாத்தான் அதுக்கு சோறு எறங்கும். நீ ஒட்டும்னு சொன்ன அன்னிலேர்ந்து நான் ஊட்டல. மாமியாருதான் ஊட்டுது. பாதில எந்திரிச்சு என்கிட்ட வரும். நான் கைய பின்னால கட்டிக்குவேன்."

வேலையைப் பற்றி மட்டும்தான் நான் நாலு மாதமும் நினைத்திருந்தேன். 

"இன்னிக்கே ஊட்டு" என்றேன். "இப்பவே போய் ஊட்டு."

"எழுதிக் குடு லேபம்மா. வாய்ல சொன்னா எங்க மாமியாரு நம்பாது."

ரிப்போர்ட் தாளை எடுத்தேன். எங்கள் ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போகும். அந்தத் தாளில் தமிழில் எழுதினேன்: 'ரெஜினாவுக்கு எந்த நோயும் இல்லை. முன்பும் இருந்ததில்லை. தன் பிள்ளைக்குக் கையால் ஊட்டலாம்.' கீழே என் கையெழுத்து. டாக்டர் எட்டிப் பார்த்தார். திட்டுவாரோ என்று நினைத்தேன். பேனாவை வாங்கி என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டு, "சீல் வைங்கோ" என்றார்.

ரெஜினா அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நடக்கவில்லை, ஓடினாள். மேஜையைத் திரும்பிப் பார்த்தால் தொழிற்சாலைக்குக் கொடுக்க வேண்டிய சான்று அங்கேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் பின்னாலேயே நான் ஓடினேன்.